யாருக்கு எந்த வேடம்?
தென்னாப்பிரிக்க நாடக மேடை நமக்குச் சொல்வது

தவக்காலம் நெருங்கும்போது இத்தலார் மலைச்சரிவில் மாலைப் பனியோடு ஒத்திகையின் ஓசையும் இறங்கி வரும். பகல் முழுதும் கொழுந்து பறித்து, எடை போட்டுக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் முடித்துக்கொண்டு, இருட்டிய பிறகு இளைஞரும் பெண்களும் திருப்பாடுகளின் நாடகத்துக்காக ஒன்றுகூடுவர். இவ்வாண்டு முதல் ஒத்திகைக்கு முன்னரே ஓர் இளைஞன் என்னிடம் வந்து, "சாமி, இயேசு வேஷத்துக்கு யாரைப் போடப் போறீங்க?" என்று கேட்டான். அவன் குரலில் ஆசை இருந்தது. ஆசையைவிட மிகுதியாகத் தயக்கம் இருந்தது. தனக்கு அந்த வேடம் கிடைக்காது என்று முன்பே முடிவு செய்துவிட்டவனின் தயக்கம் அது.

நான் உடனே விடை சொல்லவில்லை. அன்றிரவு, குருமட நாள்களிலிருந்து என்னோடு பயணம் செய்யும் ஒரு பழைய நூலை மீண்டும் எடுத்து வாசித்தேன். தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் ஆதல் ஃபுகார்டும், ஜான் கனி, வின்ஸ்டன் இன்ட்சோனா என்னும் இரு கறுப்பின நடிகர்களும் சேர்ந்து உருவாக்கிய 'தி ஐலண்ட்' என்னும் நாடகம் அது. அந்த வாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

நாடகத் திறனாய்வு என்றால் நாம் பெரும்பாலும் அச்சிட்ட பிரதியைத்தான் எடுத்துக்கொள்கிறோம். கதை என்ன, பாத்திரங்கள் எப்படி, உரையாடல் எவ்வாறு என்று ஆராய்கிறோம். ஆனால் நாடகம் அச்சில் முழுமை பெறுவதில்லை. வார்த்தை மனுவுருவானதை நம்பும் நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். எழுதிய சொல் ஒரு மனித உடலைத் தனக்கெனப் பெற்று, பிற மனிதர் முன் நிற்கும்போதே அது நாடகமாகிறது. அப்படியானால் எந்த உடல் அச்சொல்லைச் சுமந்தது, எவர் கண் முன் சுமந்தது, எவர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார் என்பவையெல்லாம் அந்நாடகத்தின் பொருளைச் சேர்ந்தவையே. இதை ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ் என்னும் இரு மொழிகளிலும் வளர்ந்த தென்னாப்பிரிக்க நாடக மேடையின் வரலாறு போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்நாடு நமக்கு அந்நியமும் அன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள். பின்னர் அங்கே தேயிலையும் பயிரிடப்பட்டது. அத்தோட்டங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்கள் இந்தியரே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பங்களுக்கு அக்கதை சொல்லாமலே புரியும்.

கோயிலான கொட்டகை

கேப் டவுன் நகரில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1801இல் ஒரு நாடக அரங்கு திறக்கப்பட்டது. ஆப்பிரிக்கன் தியேட்டர் என்பது அதன் பெயர். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் முதற் பாகத்தோடு அது தொடங்கியது. படைவீரரும் அதிகாரிகளும் நடித்தனர். கனவான்களும் சீமாட்டிகளும் பார்த்தனர். 1830களில் அடிமை முறை ஒழிந்தது. 1839இல் அந்தக் கட்டடம், விடுதலை பெற்ற அடிமைகளுக்கான வழிபாட்டிடமாகவும் பள்ளியாகவும் மாறியது. இன்றும் அது புனித ஸ்தேவான் ஆலயம் என்ற பெயரில் நிற்கிறது. எசமானர்கள் சிரித்து மகிழ்ந்த கொட்டகையில் அடிமைகளின் பிள்ளைகள் செபிக்கக் கற்றனர்.

ஆனால் இந்த இனிய காட்சியில் ஒரு நிழலும் உண்டு. விடுதலை பெற்றவர்களுக்கு ஏன் தனி ஆலயம் வேண்டியிருந்தது? 1857இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் சங்கம் ஒரு தீர்மானம் செய்தது. எல்லாரும் ஒரே சபையில் கூடி வழிபடுவதே மறைநூலுக்கு ஏற்றது என்று அது ஒப்புக்கொண்டது. ஆயினும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, வேற்றினத்தவர் தனியிடத்தில் வழிபடலாம் என்று இடம் கொடுத்தது. சிலருடைய பலவீனம் என்ற இந்தச் சொற்றொடரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அது என்னையும் குற்றம்சாட்டும்.

மேடை மொழியின் கதையும் இதைப் போன்றதே. 1838இல் கிரகாம்ஸ்டவுன் நகரில் ஆண்ட்ரூ கெடிஸ் பெய்ன் எழுதிய ஒரு சிறு நகைச்சுவைக் காட்சி மேடையேறியது. அதன் நாயகியாகிய கோய் இனப் பெண் ஆங்கிலத்தையும் கேப் நாட்டு டச்சையும் கலந்து பேசிப் பாடுகிறாள். அந்தக் கலப்பு மொழிதான் பின்னாளில் ஆப்பிரிக்கான்ஸ் ஆயிற்று. அது மேடையில் தோன்றிய தொடக்க நிகழ்வுகளுள் இது ஒன்று. அப்போது அது எள்ளி நகையாடப்படும் மொழி. டச்சுக் குடியேறியோர் மட்டும் அதை உருவாக்கவில்லை. கோய் மக்களும், வங்கம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்தும் கீழைத் தீவுகளிலிருந்தும் பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகளும் அடுக்களையிலும் கொட்டிலிலும் பேசிப் பேசி வளர்த்த மொழி அது. கேப் நாட்டு முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதினர். 1925இல் அது நாட்டின் அரசு மொழிகளுள் ஒன்றாயிற்று. அக்காலத்திலேயே ஆப்பிரிக்கான்ஸ் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் செல்லத் தொடங்கின. 1947இல் அரசு உதவியோடு இரு மொழிகளிலும் நாடகம் நடத்த ஒரு தேசிய நாடக அமைப்பு தோன்றியது. அடுக்களையில் பிறந்த மொழி இவ்வாறு அரியணை ஏறியது. ஏறிய பிறகு, அதை வளர்த்த கறுத்த கைகளை அது மறந்துவிட்டது.

அண்ணன் தம்பி இருவர்

1961 செப்டம்பரில் ஜொகன்னஸ்பர்க் நகரத்து டோர்கே ஹவுஸ் என்னும் கட்டடத்தில், ஒரு சிறிய ஒத்திகை அறையில் 'தி பிளட் நாட்' நாடகம் முதன்முதலாக நடந்தது. பாத்திரங்கள் இரண்டே. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவன் வெள்ளையனாகத் தப்பித்துவிடும் அளவுக்கு வெளிறியவன், மற்றவன் கறுத்தவன். வெளிறிய மாரிஸாக ஃபுகார்டும் கறுத்த சக்கரியாவாக சேக்ஸ் மொக்காய் என்பவரும் நடித்தனர்.

காயீன், ஆபேல் கதையையும் ஏசா, யாக்கோபு கதையையும் அறிந்தவர்களுக்கு இதன் அமைப்பு புதிதன்று. இங்கே புதியது, அண்ணன் தம்பி இருவரும் வெள்ளையன் கறுப்பன் என்று ஆடும் விளையாட்டு. விளையாட்டாகத் தொடங்கியது மெல்ல மெல்ல வன்முறையாகிறது. வேடம் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாவம் ஒருவன் உள்ளத்தில் மட்டும் இருப்பதில்லை, ஓர் அமைப்பாகவும் நின்று மனிதரை ஆட்டிவைக்கும் என்று இறையியல் வகுப்பில் நாங்கள் பல பக்கங்களில் படித்ததை ஃபுகார்டு ஒரு குடிசைக்குள் காட்டிவிடுகிறார். குறையும் உண்டு. நாடகம் நீளமானது, இடையிடையே ஆசிரியர் பாத்திரங்களை விலக்கிவிட்டுத் தாமே பேசுகிறார். ஆயினும் அதன் உண்மை மேடைக்கு வெளியே இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. அவர்கள் ஊர் ஊராகச் சென்றபோது ஃபுகார்டு இரயிலில் முதல் வகுப்பிலும் மொக்காய் மூன்றாம் வகுப்பிலும் செல்ல வேண்டியிருந்தது. மேடையில் உடன்பிறந்தவர்கள், இரயிலில் ஒரே பெட்டியில் அமர முடியாதவர்கள்.

1965இல் அரசு இன்னும் இறுக்கியது. வெவ்வேறு இனத்தார் ஒன்றாக நடிப்பதும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதும் அனுமதியின்றிக் கூடாது என்று ஆணை பிறந்தது. 1967இல் ஃபுகார்டின் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது; 1971இல்தான் திரும்பக் கிடைத்தது. பிரித்தானிய நாடகாசிரியர் பலர், இனம் பிரித்து அமரவைக்கும் அரங்குகளில் தங்கள் நாடகங்களை நடத்த உரிமை தரமாட்டோம் என்று 1963இலேயே அறிவித்திருந்தனர். முதலில் அதை ஆதரித்த ஃபுகார்டு, மௌனத்தைவிடக் குறைபட்ட பேச்சு மேல் என்று பின்னர் மனம் மாறினார். அதன் விலையையும் அவருடைய மேடை கொடுத்தது. 1969இல் 'பூஸ்மன் அண்ட் லீனா' அரங்கேறியபோது, வீடிழந்து அலையும் கலப்பினக் கணவன் மனைவியாக நடித்தவர்கள் ஃபுகார்டும் யுவான் பிரைஸ்லண்டும், இருவரும் வெள்ளையர். நடிப்பு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் லீனாவின் துயரத்தை ஏற்று நடிக்க லீனாவின் இனத்துப் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆசிரியரின் நல்லெண்ணம் மட்டும் ஒரு நாடகத்தை நீதியாக்கிவிடாது.

தாய் வீட்டுக்குள் வர முடியாத தாய்

ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் மிகச் சிறந்த நாடகங்களுள் ஒன்றை எழுதியவர் வெள்ளையர் அல்லர். ஆடம் ஸ்மால் என்னும் கலப்பினக் கவிஞர். 'கானா வீட்டுக்கு வருகிறான்' என்று பொருள்படும் அவருடைய நாடகம் 1965இல் நூலாக வந்தது. அதன் மொழி பள்ளியில் கற்பிக்கும் ஆப்பிரிக்கான்ஸ் அன்று. கேப் டவுன் ஏழைக் குடியிருப்புகளின் பேச்சு. தலைப்பே அப்பேச்சில்தான் அமைந்திருக்கிறது.

மாக்கியட் என்னும் ஏழைத் தாய் வளர்த்த பிள்ளை கானா. அறிவுள்ளவன். குடும்பம் முழுவதும் அவனையே நம்பியிருக்கிறது. அவன் கடல் கடந்து போய்ப் பொறியாளனாகிவிடுகிறான். இங்கே மகள் சீரழிகிறாள். ஒரு மகன் தூக்கிலிடப்படுகிறான். தாய் இறந்தபின், அடக்கத்துக்காகக் கானா வருகிறான். மேடையில் இறந்தவர்களும் இருப்பவர்களும் கலந்து பேசுகிறார்கள். கண்டனக் குரல் எங்கும் உயர்வதில்லை. யாரும் சட்டங்களைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. மகன் வருவான் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் காத்திருக்கிறாள். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி அருகில் அமர்ந்திருக்கும் தாய்மார் நம் பங்குகளிலும் இல்லையா? ஊதாரி மைந்தன் உவமையை ஸ்மால் தலைகீழாக்குகிறார். இங்கே மகன் வெற்றி பெற்றுத் திரும்புகிறான். தழுவிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நூலாக வந்த இந்நாடகம் முழு மேடை காண 1970கள் வரை காத்திருந்தது. அரசு நிதியில் இயங்கிய நிறுவனம் 1974இல் அதை மேடையேற்றியபோது முக்கிய வேடங்களில் நடித்தவர்கள் வெள்ளையர்கள். கேப் டவுனில் 1971இல் திறக்கப்பட்ட நிக்கோ மாலன் என்னும் மாபெரும் அரங்கிலோ 1975 வரை வெள்ளையர் மட்டுமே அமர முடியும். ஒரு மாக்கியட் தன் கதையையே பார்க்க விரும்பினாலும் அவ்வாயிலில் அவளுக்கு நுழைவுச்சீட்டு இல்லை. ஆப்பிரிக்கான்ஸ் இலக்கியத்தின் உயர்ந்த பரிசாகிய ஹெர்ட்சாக் பரிசு ஆடம் ஸ்மாலுக்கு 2012இல்தான் வழங்கப்பட்டது. அண்மையில் வெளியான நூல்களுக்கே தருவது என்ற மரபைத் தளர்த்தித்தான் அதை வழங்க வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகளில், 2016இல், அவர் மறைந்தார்.

தீவில் ஓர் அந்திகோனே

இனி நான் தொடக்கத்தில் சொன்ன நூலுக்கு வருகிறேன். போர்ட் எலிசபெத் நகரை அடுத்த நியூ பிரைட்டன் குடியிருப்பில் 1963இல் தோன்றிய செர்பன்ட் பிளேயர்ஸ் என்னும் குழுவோடு ஃபுகார்டு உழைத்தார். அக்குழுவைச் சேர்ந்த சிலர் கைது செய்யப்பட்டு ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். கறுப்பினத்தான் ஒருவன் நடிகன் என்று பதிவு செய்துகொள்ள அன்றைய சட்டத்தில் இடமே இல்லை. ஆகவே கனியும் இன்ட்சோனாவும் ஃபுகார்டின் வீட்டுப் பணியாளர்களாகத் தங்களைப் பதிவு செய்துகொண்டனர். நடிக்கும் உரிமை பெற வேலைக்காரன் வேடம் போட வேண்டியிருந்தது.

1973இல் கேப் டவுனின் ஸ்பேஸ் அரங்கில் இந்நாடகம் வேறு பெயரோடு நடந்தது. சிறைகளின் நிலையை வெளியே சொல்வது குற்றம் என்பதால் தீவு என்ற சொல்லே தலைப்பில் வரவில்லை. தொடக்கக் காட்சியில் பேச்சு இல்லை. இரு கைதிகள் மணலை வாரித் தள்ளுவண்டியில் நிரப்புகிறார்கள். ஒருவன் தோண்டிய மணலை அடுத்தவன் குழியிலும், அடுத்தவன் தோண்டியதை இவன் குழியிலும் கொட்டுகிறார்கள். முடிவே இல்லாத வீண் உழைப்பு. பார்ப்பவர் பொறுமை இழக்கும்வரை அது நீள்கிறது, நீள வேண்டும். அச்சில் சில வரிகளாக இருப்பது மேடையில் உடல்களின் களைப்பாகிறது.

இருவரும் சிறையின் கலைநிகழ்ச்சிக்காகக் கிரேக்க நாடகமான 'அந்திகோனே'யை ஒத்திகை பார்க்கிறார்கள். அரசன் அடக்கம் செய்யக் கூடாது என்று தடுத்த அண்ணனின் உடலை, இறைவனின் சட்டம் பெரிது என்று அடக்கம் செய்து, அதற்காகச் சாகும் பெண்ணின் கதை அது. கயிற்றால் செய்த பொய்முடியை அணிந்து பெண் வேடமிட வின்ஸ்டன் கூசுகிறான். இதற்கிடையில் ஜானின் தண்டனை குறைக்கப்பட்டு, இன்னும் மூன்று மாதங்களே என்று செய்தி வருகிறது. ஆயுள் தண்டனை பெற்ற வின்ஸ்டனின் உள்ளத்தில் மகிழ்ச்சியும் பொறாமையும் ஒன்றாக எழுகின்றன. நாடகத்தின் சிகரம் என்று நான் கருதுவது இந்தக் காட்சியைத்தான். ஒடுக்கப்பட்டவர்களைப் புனிதர்களாக்கி ஏமாற்றாமல், அவர்களையும் நம்மைப் போன்ற மனிதர்களாகவே காட்டும் நேர்மை இங்கே இருக்கிறது. இறுதியில் வின்ஸ்டன் பொய்முடியைக் கழற்றி எறிந்து, அந்திகோனேயின் குரலைத் தன் சொந்தக் குரலாக்கிக்கொள்கிறான்.

ராபன் தீவில் உண்மையாகவே 'அந்திகோனே' நடிக்கப்பட்டது. அதில் கொடுங்கோல் அரசன் கிரேயோனாக நடித்தவர் நெல்சன் மண்டேலா. தன்னைச் சிறையிட்ட ஆட்சியின் வேடத்தையே அவர் அணிந்து பார்த்தார். பின்னாளில் ஆட்சியில் அமர்ந்தபோது பகைவரை மன்னிக்கும் ஆற்றல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணும்போது இச்சிறு நிகழ்ச்சியும் என் நினைவுக்கு வரும். கனியும் இன்ட்சோனாவும் 1975இல் அமெரிக்காவின் டோனி விருதை இணைந்து பெற்றனர். அடுத்த ஆண்டே சொந்த மண்ணில், டிரான்ஸ்கையில், நாடகம் நடத்தியதற்காகக் கைதாயினர்.

துரையின் விருப்பம்

இவ்வளவு நேரமும் நம் மக்கள் எங்கே இருந்தார்கள்? டர்பனின் கேட்டோ மேனரில் 1934இல் பிறந்த ரானி கோவேந்தர், 1964இல் ஷா தியேட்டர் அகாதெமி என்ற குழுவைத் தொடங்கினார். 1970களில் அவருடைய 'தி லானீஸ் பிளஷர்' நாடகம் இந்தியர் குடியிருப்புகளில் பெரும் வரவேற்புப் பெற்றது. லானி என்பது அங்குள்ள இந்தியர் வழக்கில் வெள்ளை எசமானைக் குறிக்கும். நம் எஸ்டேட்டுகளில் துரை என்று சொல்வோமே, அதே பணிவும் அதே உள்ளூர நகைப்பும் கலந்த சொல்.

கரும்பாலை ஊரின் மதுக்கடையில் இந்தியருக்கென ஒதுக்கிய பகுதியே களம். வீட்டை விட்டுப் போன மகளை எண்ணிப் புலம்பும் ஆலைத் தொழிலாளி, கடைப் பணியாள், படித்த ஓர் அந்நியன், கடைக்கு உரிமையாளனாகிய துரை. அவ்வளவுதான். உரையாடல் முழுதும் நேட்டால் இந்தியரின் கொச்சை ஆங்கிலம். ஆடம் ஸ்மால் ஆப்பிரிக்கான்ஸுக்குச் செய்ததைக் கோவேந்தர் ஆங்கிலத்துக்குச் செய்தார்: எசமான் மொழியை வேலைக்காரனின் நாவில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது, துரையின் தயவில் வாழப் பழகிய தங்கள் முதுகின் வளைவைத் தாங்களே கண்டார்கள். சிரிப்பு மிகுதியால் அந்தக் கடைசி வலி சிலருக்கு எட்டாமலே போயிருக்கக்கூடும் என்பது இந்நாடகத்தின் குறை. கோவேந்தர் 2021இல் காலமானார்.

வேறு சிலர் இன்னும் கடுமையான வழியில் சென்றார்கள். டர்பனில் நேட்டால் நாடக மன்றம் என்ற இயக்கத்தில் ஸ்திரினி மூட்லி, சதாசிவன் கூப்பர் போன்ற இளைஞர்கள் முன்னின்றார்கள். பெயர்களே அவர்களின் வேரைச் சொல்லும். 1973இல் மற்றொரு குழு 'சாந்தி' என்ற நாடகத்தை மேடையேற்றியது. அதை எழுதிய முத்துலி ஷேசி என்னும் கறுப்பின மாணவத் தலைவர், முந்தைய ஆண்டே இரயில் நிலையத்தில் வண்டியின் முன் தள்ளப்பட்டு இறந்திருந்தார். கறுப்பின இளைஞனுக்கும் இந்தியப் பெண்ணுக்கும் இடையிலான அன்பே கதை. வெள்ளையரைவிட இந்தியப் பெற்றோர் சிலருக்கே அது கசந்திருக்கும். நாடகங்களும் கவிதைகளும் நீதிமன்றத்தில் குற்றச் சான்றுகளாக வைக்கப்பட்டன. மூட்லியும் கூப்பரும் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டனர். மேடைக்கு அஞ்சும் ஆட்சி அங்கே மட்டும் இருக்கவில்லை. நம் தமிழகத்திலும் நாடகங்களைக் கட்டுப்படுத்த 1954இல் ஒரு சட்டம் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல்தான் செல்லாதவை என்றது.

மீண்டும் வந்த மெசியா

1976 ஜூன் 16 அன்று, ஆப்பிரிக்கான்ஸ் வழியே படிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து சொவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கிக் குண்டுகளுக்கு இரையானார்கள். சில நாள்களில் ஜொகன்னஸ்பர்க்கில் மார்க்கெட் தியேட்டர் என்ற புதிய அரங்கு திறந்தது. இந்திய வணிகர்களின் பழைய பழச்சந்தைக் கட்டடம் அது. எல்லா இனத்தாரும் அருகருகே அமரும் இடமாக அதை நடத்தியவர்கள் உறுதி பூண்டார்கள். அங்கே 1981இல் அரங்கேறியது 'வோசா ஆல்பர்ட்'. பெர்சி எம்டுவா, எம்பொங்கெனி இங்கெமா என்னும் இருவரும் பார்னி சைமனோடு சேர்ந்து படைத்தது. கேள்வி ஒன்றுதான்: இயேசு இரண்டாம் முறையாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தால் என்ன நடக்கும்?

அரசு முதலில் அவரைத் தன் பெருமையாகக் கொண்டாடுகிறது. அவர் ஏழைகளின் பக்கம் நிற்பதைக் கண்டதும் சிறையிடுகிறது. அவர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, ஆல்பர்ட் லுதுலி முதலிய விடுதலைத் தலைவர்களை உயிர்த்தெழச் செய்கிறார். இரண்டே நடிகர்கள் எல்லா வேடங்களையும் ஏற்கிறார்கள். வெள்ளையனாக மாற மூக்கில் ஓர் இளஞ்சிவப்பு உருண்டையை மாட்டினால் போதும். இறையியல் நுட்பங்களை இதில் தேடக் கூடாது. இது தெருவின் நகைச்சுவை. ஆயினும் உயிர்ப்பு என்பது நீதிக்காக மாண்டவர்களையும் உட்கொண்டது என்று இதைவிட எளிமையாகச் சொன்ன மறையுரையை நான் கேட்டதில்லை, நிகழ்த்தியதும் இல்லை.

சிலருடைய பலவீனம்

1982இல் ஃபுகார்டு ஒரு பாவசங்கீர்த்தனம் செய்தார். 'மாஸ்டர் ஹெரால்ட் அண்ட் த பாய்ஸ்' என்னும் நாடகத்தில், தன்னைத் தந்தைபோல் வளர்த்த கறுப்பினப் பணியாளரின் முகத்தில் ஒரு வெள்ளைச் சிறுவன் உமிழ்கிறான். அச்சிறுவன் ஃபுகார்டுதான். தம் சிறு வயதின் மாறாத வெட்கத்தை நாற்பது வயதுக்கு மேல் அவர் உலகின் முன் வைத்தார். அமெரிக்காவில் அது முதலில் அரங்கேறியபோது அந்தப் பணியாளராக நடித்தவர், முன்பு மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த அதே சேக்ஸ் மொக்காய். ஃபுகார்டு 2025 மார்ச்சில் மறைந்தார். அவருடைய படைப்புகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இது. காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

குருவான புதிதில் சமவெளியில் ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அங்கும் திருப்பாடுகளின் நாடகம் உண்டு. ஊருக்கு வெளியே உள்ள தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞன் இயேசுவின் வசனங்களை எல்லாம் மனப்பாடம் செய்திருந்தான். நல்ல குரல். பத்து நாள் அவன்தான் ஒத்திகையில் இயேசு. பிறகு பெரியவர்கள் சிலர் வந்தார்கள். வெரோணிக்கா வேடமிடும் தங்கள் வீட்டுப் பெண் அவன் முகத்தைத் துடைப்பதா என்று கேட்டார்கள். நாடகம் நின்றுவிடும், சண்டை வரும் என்றார்கள். நான் சமாதானத்தை விரும்பினேன். அவனுக்குச் சாட்டை பிடிக்கும் சேவகன் வேடம் தரப்பட்டது. நன்றாக நடித்தான் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு ஒத்திகைக்கு அவன் வரவில்லை. கோயிலுக்கும் வரவில்லை.

அன்று நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம், 1857இல் அந்தச் சங்கம் சொன்னதேதான்: சிலருடைய பலவீனம். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1957இல், தென்னாப்பிரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் இனஒதுக்கல் கொள்கை தன் இயல்பிலேயே தீயது என்று அறிவித்தார்கள். அதே அறிக்கையில், நம் சொந்தச் சபைகளிலும் பள்ளிகளிலும் குருமடங்களிலும் அந்தப் பிரிவினை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். முதற் கூற்றைவிட இரண்டாம் கூற்றுக்கே துணிவு மிகுதியும் வேண்டும். நம் நாட்டுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்துக் கட்டிய ஆலயத்தின் நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சபைக்குள் சாதி வேறுபாடு நிலவுவதை இந்திய ஆயர் பேரவை 2016இல் தன் கொள்கை அறிக்கையில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. சுவரை இடிக்கக் கடப்பாரை போதும். வேடம் பகிரும்போது மனத்தில் எழும் சுவரை இடிக்க அது போதாது.

இத்தலாரில் அந்த இளைஞன் இன்னும் என் விடைக்காகக் காத்திருந்தான். மறுநாள் ஒத்திகையில் எல்லாரும் கூடியிருந்தபோது சொன்னேன்: விரும்பும் எவரும் கெத்சமனி செபத்தை வாசிக்கலாம், குரலும் உழைப்பும் மட்டுமே கணக்கு. நாடகத்தன்று முன்வரிசை நாற்காலிகள் எவருக்கும் ஒதுக்கப்படமாட்டா. முதலில் வருபவர் முதலில் அமரலாம். சிலர் முகம் சுளித்தார்கள். இம்முறை நான் சமாதானத்தைத் தேடவில்லை.

ஏழு பேர் வாசித்தார்கள். அவன் ஐந்தாவதாக வாசித்தான். கைகள் நடுங்கின, குரல் நடுங்கவில்லை. வேடம் யாருக்கு என்பதை நாளை முடிவு செய்ய வேண்டும். அது அவனுக்கே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் அவனைவிட நன்றாக வாசித்த ஒருவர் இருந்தார் என்பதே காரணமாக இருக்கும். வேறு காரணம் இருக்காது. சமவெளியில் சாட்டை பிடித்த அந்த மகனுக்கு நான் பட்ட கடன் இதனால் தீர்ந்துவிடாது என்பதை அறிவேன்.

அன்பு வாசகரே, இவ்வாண்டு உங்கள் பங்கிலும் நாடகம் நடக்கும். பார்க்கும்போது, சிலுவையைச் சுமப்பவர் யார் என்று பாருங்கள். சாட்டை யார் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். பிறகு ஒருமுறை திரும்பி, கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பவர் யார் என்றும் பாருங்கள்.